எங்கள் ஊருக்கு மட்டும் லீவு

நவம்பர் ஒன்று எங்களுக்கு லீவு. மற்ற ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்காரன் என்றால் இங்கிலீஷ்காரன், எங்களுக்குப் பிரெஞ்சுக்காரன். அவன் காரைக்காலை விட்டுப் போன நாளுக்காகப் புதுச்சேரி சர்க்கார் கொடுக்கிற விடுமுறை அது. காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள், அதற்கப்புறம் ஆபீசெல்லாம் பூட்டு. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகக் குப்பை கொட்டுகிற எனக்கு, தலைக்குக் குளித்துவிட்டு மதியம் வரைக்கும் கொண்டை போடாமல் உட்கார்ந்திருக்கிற நாள்.

போன வருஷம் அப்படி உட்கார முடியவில்லை. மகள் வீட்டில் இருந்தாள். தை மாதம் கல்யாணம் செய்து கும்பகோணத்துக்கு அனுப்பிய பெண். புரட்டாசி பிறந்ததும் பிறக்காததுமாக, மூன்றாம் மாசத்தில் கரு கலைந்துவிட்டது. உடம்பு தேறட்டும் என்று நான்தான் காரைக்கால் பக்கத்தில் சுரக்குடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். உடம்பு தேறிவிட்டது. ஆனால் திரும்பிப் போகிற பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். "அங்க யாரு என்னைத் தேடுறாங்க" என்பாள். மாப்பிள்ளை தினம் போன் செய்வார். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பார், அதோடு அவருக்குப் பேச்சு தீர்ந்துவிடும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

கடைசியில் அவளே இறங்கி வந்து, "ஒண்ணாம் தேதி லீவுதானே, வந்து அழைச்சிட்டுப் போங்க" என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். "பாக்குறேன்" என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர் வந்தால் கிளம்பிவிடுவது, வராவிட்டால் இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். இதை என்னிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் வீராப்பு பேசினால் புருஷனுக்கு எப்படிக் கேட்கும்?

காலையில் மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அம்மா வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் வெற்றிலைக் கவுளியும் முறுக்கும் வைத்த பை. மகள் வாசலில் நின்று அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அவங்க வரலையா அத்தை?"

"வேலை இருக்குங்கிறாம்மா."

மகள் குடையை வாங்கி மூலையில் சாய்த்தாள். காபி போட்டுக் கொடுத்தாள், பையை வாங்கி வைத்தாள், மரியாதையில் குறை வைக்கவில்லை. அப்புறம் அடுப்படிக்கு வந்து, "லீவு நாள்ல என்னம்மா வேலை" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. ஒரு நாள் லீவைக்கூட என் பெண்ணுக்காகச் செலவு செய்ய முடியாத பிள்ளைக்கு என்ன பெரிய வேலை?

என் வீட்டுக்காரர் நிலைமையை மோப்பம் பிடித்துவிட்டார். "வயல்ல தண்ணி நிக்குது" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். நாலு நாள் மழையில் தண்ணீர் நின்றது உண்மைதான். அதை அதற்கு முன்னால் வடித்துவிட்டிருக்கலாம்.

சம்பந்தியை நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று எனக்கு. ஆனால் வீட்டில் வைத்துக் கேட்டால் மகள் காதில் விழும். "காரைக்கால நீங்க சரியாப் பாத்ததே இல்லையே சம்பந்தி, வாங்க, பழைய துறைமுகப் பக்கம் போயிட்டு வருவோம்" என்றேன். அவரும் உடனே எழுந்துவிட்டார். வீட்டில் உட்கார அவருக்கும் முள்ளாகத்தான் இருந்திருக்கும்.

பஸ்சில் திருநள்ளாறு தாண்டும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். பேச ஆயிரம் இருக்கும்போது மழையைப் பற்றித்தான் பேச வருகிறது. காரைக்காலில் இறங்கியதும் அவர் கடைப் பலகைகளை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எங்க பாத்தாலும் பிராந்திக் கடையா இருக்கு."

"உங்க ஊர் ஆம்பளைங்களுக்குத்தான் வச்சிருக்கு. எங்களுக்கு எதுக்கு இத்தனை?" என்றேன். கொஞ்சம் வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். சண்டைக்கு நிற்கிறவளிடம் சிரித்தால் எப்படிச் சண்டை போடுவது?

கொடியேற்றம் முடிந்து போலீஸ்காரர்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையில் இருந்த சிவப்புத் தொப்பியை அவர் அதிசயமாகப் பார்த்தார். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போனது என்று சொன்னேன். முனிசிபாலிட்டியைப் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சில் மேரி என்றுதான் சொல்வார்கள் என்றும் சொன்னேன். "மேரியா, மாதா கோயிலா?" என்று கேட்டார். எங்கள் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் போனால் எந்தக் கோயில் வாசலில் வெளியே வருவோம் என்றே தெரியாது என்றார்.

ஆற்றுப் பக்கம் போகப் போகத் தெருவின் முகம் மாறும். உயரமான கதவுகள், பச்சை மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள். ஒரு காலத்தில் கப்பல் கடலிலேயே நிற்கும், தோணிகளில் சரக்கை ஏற்றி அரசலாற்றுக்குள் கொண்டுவந்து இறக்குவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சரக்கை வைத்த கிட்டங்கிகள் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் சிமென்ட் மூட்டை, ஒன்றில் பந்தல் சாமான், ஒன்றில் மேலே கூரையே இல்லாமல் அரசமரம். கப்பலில் பர்மாத் தேக்கு வந்து கதவான வீடுகளில் இப்போது பாதி பேர் வெளிநாட்டில். பூட்டுகூடப் பெரிதாக இருந்தது. சம்பந்தி ஒவ்வொரு கதவையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவசரம். எங்கேயாவது நிறுத்தி விஷயத்தை ஆரம்பிக்க வேண்டும்.

ஆரம்பிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு வாசல் இறவாணத்தின் கீழே ஒதுங்கினோம். உள்ளே இருந்து ஒரு அம்மா தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டே வந்து, "ஏன் நனையிறீங்க, ஏறி வாங்க" என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். யார், எந்த ஊர் என்று விசாரித்தார். சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து ஊர் சுற்றுகிறோம் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அல்லா ஒத்துமையா வக்கட்டும். பேரப்புள்ளைங்க இருக்கா?" என்று சம்பந்தியைக் கேட்டார்.

"ஒரு பேரன், பெரியவனுக்கு. ஆடியில பொறந்தான்" என்றார் சம்பந்தி. கொஞ்சம் நிறுத்தி, "சின்னவனுக்கு ஒண்ணு வந்துகிட்டே இருந்துச்சு. பாதியில நின்னு போச்சுங்க" என்றார்.

அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நான் சம்பந்தியைப் பார்க்காமல் மழையைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலேயே நாங்கள் யாரும் அதைக் கணக்கில் சேர்த்துச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் இவர் சேர்த்துச் சொன்னார். என் வாயில் தயாராக இருந்த நாலு வார்த்தையில் இரண்டு அங்கேயே விழுந்துவிட்டது.

மழை விட்டதும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். வழியில் பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்று. கப்பல் சரக்குக்குத் தீர்வை வாங்கிய இடம் என்பார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று சம்பந்தி படி ஏறினார். பெரிய பூட்டு தொங்கியது.

"என்ன சம்பந்தி, எல்லாம் பூட்டியே கெடக்கு? இன்னிக்கி பந்த் எதாச்சுமா?"

"லீவுங்க. நவம்பர் ஒண்ணுல்ல."

"ஒண்ணுன்னா?"

"விடுதலை நாள். கவர்மென்ட் லீவு."

"எங்க லீவு? எங்க தெருப் புள்ளைங்க எல்லாம் காலையில பள்ளிக்கூடம் போச்சே. நான் வந்த பஸ்சு பூரா ஆபீசு போற கூட்டம்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் நேத்தே லீவு கேட்டான் சம்பந்தி. தஞ்சாவூர் கம்பெனியில மாசம் பொறந்தா கணக்கு முடிக்கணுமாம், குடுக்கல. அத அவகிட்ட வெளக்கமாச் சொல்லுடான்னா, ம்ங்கிறான். அப்பனாட்டம் ஊமைக் கோட்டான்" என்றார்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் ஆபீசில் நாகூரிலிருந்து வருகிற டீச்சர் ஒருவர், வருஷா வருஷம் இதே நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொல்லிச் சிரிப்பார். வாஞ்சூரில் எல்லை தாண்டினால் தமிழ்நாடு, அங்கே இந்த லீவு கிடையாது என்பது காரைக்காலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், என் மகளுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து நவம்பர் ஒன்று லீவு என்று வளர்ந்த புத்தி, கோபம் வந்ததும் அந்தப் பக்கமும் லீவு என்று வைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு வருகிற முதல் நவம்பர் ஒன்று அது. அந்த மனுஷன் காலையில் வேலைக்குப் போயிருக்கிறார், நாங்கள் இங்கே அவர் தலையை உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதான் மூஞ்சிய அப்புடி வச்சிருந்தாளா?" என்றார். மகளுக்கு உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. சரி, நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லி இவரோடு அனுப்பிவிடலாம் என்று மனசு லேசாகிவிட்டது. லீவு கொண்டாடுகிற ஜோரில் இறால் வாடா வாங்கினேன். உள்ளே இறால் பொதிந்து பொரித்த அரிசிமாவு வடை, எங்கள் பக்கத்துச் சங்கதி. சம்பந்தி ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

முகத்துவாரத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஆறு செம்மண் நிறத்தில் வந்து கடலோடு முட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தி கடலைப் பார்த்தது வேளாங்கண்ணியில்தான், அதுவும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே. இங்கே ஆளே இல்லாமல் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார். ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடியவில்லை.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். வூட்ல வச்சுச் சொல்ல முடியல."

"சொல்லுங்க."

"பெரிய மருமவளும் புள்ளையும் அடுத்த வாரம் அவ அம்மா வூட்லேருந்து வர்றாங்க. புள்ளைக்கிப் பேரு வச்சுத் தொட்டில்ல போடுறோம். அது முடியிற மட்டும் சின்னவள அனுப்பாதீங்க. இங்கயே இருக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளை தங்காமல் போனவள் கை பட்டால் ஆகாது, கண் பட்டால் ஆகாது. படித்தவர்கள் வீட்டிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களே தவிர, பிள்ளையை அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். மழைக்கு ஒதுங்கின வாசலில் கேட்டதெல்லாம் பொய் என்று எனக்குத் தோன்றியது.

"என் பொண்ணு கண்ணு பட்டு உங்க பேரன் கரிஞ்சு போயிடுவானா?" என்றேன். "அவ்வளவு ஆகாதவளாப் போயிட்டாளா? அப்படின்னா அவ உங்களுக்கு வேணாம் சம்பந்தி. பெத்த எங்களுக்குச் சோறு போடத் தெரியும்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. முகத்துவாரத்திலிருந்து கடலுக்குள் கருங்கல் கொட்டி நீட்டியிருப்பார்கள், அதன்மேல் விறுவிறுவென்று நடந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. அழுகை வந்தது, அதை அவர் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். என் பெண் என்ன தப்பு செய்தாள் என்று கடலைப் பார்த்துக் கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பினால், அந்த மனுஷி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையை இடுப்பில் செருகி, பாசி பிடித்த கல்லில் தவழாத குறையாக என் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு அலை அடித்துக் கணுக்கால் வரை நனைந்தது.

"அங்கேயே நில்லுங்க" என்று கத்தினேன். நிற்கவில்லை. நான்தான் திரும்பி ஓடி மணிக்கட்டைப் பிடித்தேன். இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க நெனக்கிற மாதிரி இல்ல சம்பந்தி" என்றார். "பெரியவனுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு தங்கல. அப்ப எங்க ஓரகத்தி புள்ளைக்கிப் பேரு வச்சாங்க. பொம்பளைங்க எல்லாம் வரிசையா ஒக்காந்து புள்ளைய மடியில வாங்குறோம். என் மொறை வந்துச்சு. கைய நீட்டிட்டேன். எங்க மாமியா, அவகிட்ட வேணாம்னு சொல்லி, என் கைக்கி மேலேயே புள்ளைய அந்தாண்ட குடுத்தாங்க. நீட்டின கைய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல எனக்கு."

அவர் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கல்மேல் வைத்தேன்.

"பெரியவ நல்ல பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சனங்க வரும். கெழவிங்க வரும். நம்ம பொண்ணு கைய நீட்டும், எவளாச்சும் ஒண்ணு சொல்லுவா. அத என்னால பாக்க முடியாது. அதான் வேணாங்கிறேன்."

பாவமாக இருந்தது எனக்கு. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கையைச் சொல்லும்போது அவர் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கொஞ்சம் முன்னால் இந்த மனுஷியை எவ்வளவு கேட்டுவிட்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் நான் பெற்றவள். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அன்னிக்கி உங்களுக்காக ஒருத்தரும் பேசலையா சம்பந்தி?"

"யாரு பேசுவா?"

"இவளுக்கு நீங்க இருக்கீங்கல்ல. விசேஷத்தன்னிக்கி சின்னவ எங்கன்னு அதே கெழவிங்க கேப்பாங்களே, என்ன சொல்லுவீங்க? நீங்களே அவள ஒளிச்சு வச்சா, அவ ஆகாதவன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடாதா? அவளுக்கு மட்டும் அப்படித் தோணாதா?"

அவர் நனைந்த புடவை ஓரத்தைப் பிழிந்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ்சில் ஏறி உட்கார்ந்தும் பேச்சில்லை, மழையைப் பற்றிக்கூட. இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று நினைத்த எனக்கு, அனுப்புவதா வேண்டாமா என்றே புரியவில்லை. அவர் வீட்டில் என் பெண்ணுக்கு என்ன இடம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம், "அடியே, அங்க இன்னிக்கி லீவே இல்லடி, நமக்கு மட்டுந்தான்" என்றேன். அவள் முழித்தாள். காலண்டரைப் பார்த்தாள், அது எங்கள் ஊர்க் காலண்டர், சிவப்பாகத்தான் இருந்தது. "அதச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன அவங்களுக்கு?" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் உரிமையாகத் திட்டினாள். எனக்கு அதுவே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது.

சம்பந்தி ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை. "இங்க வந்து ஒக்காரு" என்று மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேர் வைக்கிற விசேஷத்தைச் சொன்னார். அவளை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வந்ததையும் மறைக்காமல் சொன்னார். மகள் முகம் வெளுத்துப் போனது. அதற்கப்புறம் தன் கை கதையைச் சொன்னார். மகள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"இப்ப கேக்குறேன். எங்கூட வர்றியா?" என்றார்.

மகள் தலையை நிமிர்த்தினாள்.

"வர்றேன் அத்தை. ஆனா புள்ளைக்கிக் கைய நீட்ட மாட்டேன்."

"நீ நீட்ட வேணாம். நானே தூக்கியாந்து ஒம் மடியில வக்கிறேன். மொதல்ல ஒனக்கு, அப்பறந்தான் மத்தவங்களுக்கு."

"பெரியவங்க யாராச்சும் வேணாம்னு சொன்னா?"

"சொல்லட்டும்டி" என்றார் சம்பந்தி. "அந்த வூட்ல இப்ப மாமியா நான்தான்."